ஒரே இரவில் ஒரு நாடகம்

கோயில் பொங்கலுக்கு விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்த நாரணாபுரம் நேயர்களுக்கு, அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளைத் தெரியாமல் இருக்காது. அவர் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் நடிகர்கள் எல்லாம் சிறுவர்கள். ராஜாவும் பையன்தான், ராணியும் பையன்தான்!

அந்தச் சபைக்காகப் பிறந்தது 'அபிமன்யு சுந்தரி'. மீசை முளைக்காத வயதிலேயே காதலுக்கும் போருக்கும் துணியும் அர்ஜுனன் மகனின் கதை. நான்கு மணி நேரம் ஓடக்கூடிய நாடகம்; பாட்டு, வசனம் அத்தனையையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். அபிமன்யுவாக நடித்தவர் சிறுவன் தி.க. சண்முகம், பின்னாளில் 'அவ்வை' சண்முகம்.

அன்றைய மேடைப் பாட்டில் கர்நாடக ராகமும் இருக்கும், நாட்டுப்புறச் சிந்தும் இருக்கும், பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த வடநாட்டு மெட்டும் இருக்கும். மைக் கிடையாது; கடைசி வரிசைக்கும் தொண்டைதான் போய்ச் சேர வேண்டும். அதனால் பாலர் நடிகர்களுக்குப் பெரிய பயம் மகரக்கட்டு, அதாவது வளரும் வயதில் குரல் உடைவது. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்தால், நேற்றைய கதாநாயகனுக்கு இன்று பாட்டில்லாத சின்ன வேஷம்தான்.