மகளுக்கும் ஒரு பங்கு!

நம் தேசத்தின் பொது வாழ்வில் 1956-ஐப் போல் அமர்க்களப்பட்ட வருஷங்கள் அதிகமில்லை. செப்டம்பர் 1-ம் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. நவம்பர் 1-ம் தேதி தேசப் படமே மாறியது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. அதே மாதம் 23-ம் தேதி அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமாச் செய்தார். டிசம்பர் 6-ம் தேதி மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானை வென்று, ஹாக்கித் தங்கத்தை ஆறாம் முறையாகத் தட்டிக்கொண்டு வந்தோம்.

இத்தனை தடபுடலுக்கும் நடுவே, ஜூன் 17-ம் தேதி ஒரு சட்டம் மேளதாளமின்றி வீட்டுக்குள் நுழைந்தது. அதுதான் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம்.

அதற்கு முன் நிலைமை என்ன தெரியுமா? கணவனை இழந்தவளுக்கு அவனுடைய சொத்து வந்தால், ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம். தன் இஷ்டப்படி விற்கவோ, பெண்ணுக்கு எழுதி வைக்கவோ முடியாது. அவள் காலத்துக்குப் பின் அது கணவன் வழி வாரிசுகளுக்குப் போய்விடும். இருந்தும் இல்லாத சொத்து! 1956-ம் வருஷச் சட்டம் அவளை முழுச் சொந்தக்காரி ஆக்கியது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு என்றது.

ஆனால் பூர்வீகச் சொத்தில்தான் சூட்சுமம் இருந்தது. மனைவியை இழந்த ஒருவருக்கு ஒரு மகன், ஒரு மகள். பூர்வீக நிலம் 8 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் பிறவியிலேயே பங்காளி. ஆகவே 4 ஏக்கர் அவனுடையது. தந்தையின் 4 ஏக்கரில்தான் இருவருக்கும் பாதிப் பாதி. ஆக, மகனுக்கு 6, மகளுக்கு 2! குடியிருக்கும் வீட்டையோ, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வந்தாலன்றி அவள் பிரித்துக் கேட்க முடியாது.

பெண்களுக்குச் சொத்துரிமை தர முயன்ற ஹிந்து சட்ட மசோதாவுக்காகப் போராடியவர் டாக்டர் அம்பேத்கர். அது நிறைவேறாமல் தள்ளிப் போனதும் 1951-ல் சட்ட மந்திரி பதவியைத் துறந்தார். பின்னர் அது தனித்தனிச் சட்டங்களாக நிறைவேறியது. ஹாக்கித் தங்கம் கிடைத்த அதே டிசம்பர் 6-ம் தேதிதான் அவர் டில்லியில் காலமானார்.

மீதிக் குறையைத் தீர்க்க வெகு காலம் பிடித்தது. தமிழ்நாட்டில் 1989-ல், அதுவரை மணமாகாதிருந்த மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கிடைத்தது. 2005-ல் தேசம் முழுவதும் மகள் பிறவிப் பங்காளி ஆனாள். வீடு பற்றிய தடையும் போயிற்று. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவுபடுத்தியது.

சரி, சகோதரிகளே! சட்டம் கொடுத்ததை நாம் வாங்கிக்கொண்டோமா? "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்றே" என்று சொல்லி ரிஜிஸ்திரார் ஆபீஸில் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். பிறந்த வீட்டு உறவு முறிந்துவிடுமே என்ற பயத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. விட்டுக் கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால், எவ்வளவு விட்டுக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு பேனாவை எடுங்கள்!