துப்பாக்கிக் குழலைத் தின்னும் உப்பு



1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின் பிறந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்நாளில் தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் தோளில் தொங்கிய ‘303’ ரைபிளை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ரைபிளால் சுட்ட பிறகு குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பது படைத்துறைப் பாடம். இரும்புக்குள் தண்ணீர் ஊற்றினால் துருப் பிடிக்காதா? இன்று அதைத்தான் நாம் ஆராயப் போகிறோம்.

ரைபிள் குழலின் உட்புறம் வெறும் துளை அன்று. திருகாணியின் புரியைப் போல, சுழன்று செல்லும் காடிகள் அதில் வெட்டப்பட்டிருக்கும். 303 ரைபிளில் பெரும்பாலும் ஐந்து காடிகள். பத்து அங்குலத்திற்கு ஒரு சுற்று. இவை குண்டைச் சுழல வைக்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் தடுமாறாமல் செல்கிறது. காடி கெட்டால் சுழற்சி கெடும்; சுழற்சி கெட்டால் குறி தவறும். தோட்டத்திலோ காவலரின் உயிர் ஒருபுறம், லயத்து வீடுகள் மறுபுறம். அங்கே குறி தவறுவது சிறிய பிழையாகுமா?

காடியைக் கெடுப்பது எது? கரி என்று நினைப்போம். கரியைவிடக் கொடியது உப்பு. அக்காலத் தோட்டாவின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. தீக்குச்சித் தலையில் இருப்பதும் இதுவே. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாக மாறிக் குழலில் படிகிறது. மழைக்காலத்தில் கருவாட்டுப் பானை ஈரம் கசிவதை நாம் பார்த்ததில்லையா? அதுபோல் இவ்வுப்பும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் நாட்டுப் புழுக்கத்தில், இரவில் சுட்ட குழல் காலையிலேயே துரு காட்டலாம்.

எண்ணெய் தடவினால் போதாதா? போதாது. உப்பு எண்ணெயில் கரையாது; நீரில்தான் கரையும். ஆகவே, முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்புறத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றுவார்கள். உப்பு கரைந்தோடும், சூடேறிய குழல் தானே விரைவில் உலரும். பிறகு உலர்ந்த துணி, அதன் பின் எண்ணெய்த் துணி. இதற்கான கயிறும் எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கிக் கட்டையின் அடியிலுள்ள சிறு பொந்திலேயே இருக்கும். கயிற்றின் பித்தளைக் குண்டைப் பின்புறமாக இறக்கி, வாய்ப்புறமாக நேரே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறே நாளடைவில் குழலின் வாயைத் தேய்த்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுதான். அங்கு ஒரு பக்கம் தேய்ந்தாலும் குறி விலகும். மறுபடி சுடுமுன் உள்ளிருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் முதல் வேட்டு வேறிடத்தில் போய் விழும்.

புதுக் குழலுக்கு வேறொரு பழக்கமும் உண்டு. கடைந்த கருவியின் நுண்ணிய கீறல்கள் அதில் இருக்கும். குண்டின் மேலுறையிலுள்ள செம்பு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சிலர் தொடக்கத்தில் ஒரு வேட்டுக்கு ஒரு முறை துடைத்துக் குழலைப் பழக்குவார்கள். இது தேவையா என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவற்றில் அந்த உப்பு இல்லை. ஆயினும் செம்பையும் கரியையும் துடைக்கத்தான் வேண்டும்.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் பெருங்குற்றம். ஆகவே, இந்தப் பாடம் நமக்குத் துப்பாக்கிக்காக அன்று. உப்பு பட்ட இரும்பு எதுவாயினும் முதலில் தண்ணீர், பிறகு உலர்த்தல், கடைசியில் எண்ணெய். மீன் அரிந்த கத்தியை எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைப்பவர்கள், நாளை முதல் இந்த வரிசையைக் கடைப்பிடித்துப் பாருங்கள்.