“இதை ஏற்கெனவே கேட்டாச்சு ப்ரோ!” - குரூப்பில் திரும்பக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கு

பட்டுப்புடவை பிரியர்களின் குரூப் ஒன்றில் புதுசாகச் சேர்கிறீர்கள். அக்கா கல்யாணத்துக்கு எடுத்த புடவையை போட்டோ எடுத்து, “இது ஒரிஜினல் ஆரணிப் பட்டா ஃப்ரெண்ட்ஸ்?” என்று ஆசையாகக் கேட்கிறீர்கள். பத்து நிமிடம் அமைதி. அப்புறம், “மேலே ஸ்க்ரோல் பண்ணுங்க” என்று ஒரு பதில். அதுக்குக் கீழே கண்ணை மேலே உருட்டும் எமோஜி. அவ்வளவுதான். மனசு சுருங்கிப்போய் குரூப்பை மியூட் பண்ணிவிடுகிறீர்கள்.

புடவை குரூப்பில் மட்டுமா இப்படி? மாடித்தோட்டக் குரூப்பில் “தக்காளி இலை ஏன் சுருளுது?”, கேமரா குரூப்பில் “முதல்முறை வாங்க எந்த லென்ஸ் நல்லது?”, பைக் ரைடர்கள் குரூப்பில் “லடாக் போக எந்த மாசம் பெஸ்ட்?” என்று ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் சாகாவரம் பெற்ற கேள்வி ஒன்று உண்டு. தினமும் யாராவது ஒருவர் அதைக் கேட்பார். யாராவது ஒருவர் எரிந்து விழுவார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லி வளர்த்த ஊர் இது. கேட்பது எப்படித் தப்பாகும்? ஆகாது. ஆனால், எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பதில் சொல்பவர் எங்கே இருக்கிறார்?

ஆரணிப் பட்டையே எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியும், அதைச் சுற்றியுள்ள முள்ளிப்பட்டு போன்ற ஊர்களும் பட்டு நெசவுக்குப் பெயர் போனவை. இப்போது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. புடவை குரூப்களில் நெய்பவர், விற்பவர், வாங்குபவர் எல்லோருமே இருக்கிறார்கள். உங்கள் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக்கூடியவர், அந்த நேரத்தில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கலாம். கால் மிதியில், ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றில், இன்னொரு கை பலகையில். போனை எடுத்தால் தறி நிற்கும். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, தறி நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒருமுறை பொறுமையாக விளக்கி எழுதுவார். ரெண்டாவது முறையும் எழுதுவார். இருபதாவது முறை? சத்தமில்லாமல் குரூப்பை விட்டுக் கிளம்பிவிடுவார். விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனபிறகு, தெரியாதவர் கேட்க, அரைகுறையாகத் தெரிந்தவர் பதில் சொல்லும் இடமாகக் குரூப் மாறிவிடும். அந்த அரைகுறைப் பதிலை நம்பி யாரோ ஒருவர், பாலியெஸ்டர் கலந்த புடவையைப் பட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போவார். நஷ்டம் எமோஜியோடு முடியவில்லை, பாருங்கள்.

இந்தத் தலைவலிக்கு வயசு 40-க்கு மேல்

1980-களின் முதல் பாதி. அமெரிக்காவில் விண்வெளி பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. புதிதாக வருபவர்கள் பழைய உரையாடல்களைத் தரவிறக்கிப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. யாரும் அப்படிச் செய்யவில்லை. நேராக வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். நாசாவில் வேலை பார்த்த யூஜீன் மியா, அடிக்கடி வரும் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்துத் திரும்பத் திரும்பப் பதிவிட ஆரம்பித்தார். இன்று எல்லா வெப்சைட்டிலும் பார்க்கும் ‘எஃப்.ஏ.க்யூ.’ என்ற வழக்கம் இப்படித்தான் வேர்விட்டது.

அப்புறம் யூஸ்நெட் காலம். ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிகளில் புது மாணவர்கள் சேருவார்கள், இணையத்துக்குள் வருவார்கள், பழைய கேள்விகளையே கேட்பார்கள். ஒரு மாசத்தில் பழகிவிடுவார்கள். 1993-94 வாக்கில் ஏ.ஓ.எல். போன்ற நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் கதவைத் திறந்துவிட்டபோது, புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. பழைய ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ‘முடிவில்லாத செப்டம்பர்’. நம்ம வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக் குரூப்களில் இன்றும் அந்த செப்டம்பர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்தாம் வகுப்புத் தமிழ் ஞாபகம் இருக்கா?

‘வினா ஆறு வகைப்படும்’ என்று மனப்பாடம் செய்தோமே, அது இங்கே உதவும். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் இருந்து வந்த பாடம் அது. அந்த ஆறையும் குரூப்பில் பொருத்திப் பாருங்கள்.

தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டால் அறியா வினா: “ஜரிகைன்னா என்ன?” தனக்குத் தெரிந்ததையே அடுத்தவருக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்டால் அறிவினா. குரூப்பில் வம்பு வளர்ப்பது பெரும்பாலும் இதுதான். இதுவா அதுவா என்று சந்தேகத்தில் கேட்டால் ஐய வினா. பொருளை வாங்கிக்கொள்ளக் கேட்டால் கொளல் வினா: “இந்தக் கலர் யார்கிட்ட இருக்கு?” கொடுப்பதற்காகக் கேட்டால் கொடை வினா: “என்கிட்ட எக்ஸ்ட்ரா விதை இருக்கு, யாருக்காவது வேணுமா?” வேலை ஏவுவதற்காகக் கேட்டால் ஏவல் வினா: “அட்மின், அந்த லிஸ்ட்டைப் போட்டாச்சா?”

குரூப்பில் திரும்பத் திரும்ப வந்து எரிச்சல் கிளப்புவது பெரும்பாலும் அறியா வினா. அதற்கான பதில் ஏற்கெனவே குரூப்பிலேயே கிடக்கும். ஐய வினா அப்படியில்லை. கொஞ்சம் படித்தவருக்குத்தான் ‘இதுவா, அதுவா’ என்ற சந்தேகமே வரும். அந்தக் கேள்வியைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவருக்குப் பதில் சொல்லக் கை துறுதுறுக்கும்.

ஆக, கேட்பவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் அறியா வினாவை ஐய வினாவாக மாற்றிக்கொண்டு வாருங்கள். தலைப்பு பழசாக இருந்தாலும், கேள்வி புதுசாகிவிடும்.

ஒரு கேள்விக்குள் நாலு கேள்வி

எப்படி மாற்றுவது? “ஒரிஜினல் ஆரணிப் பட்டா?” என்பதையே பிரித்துப் பார்ப்போம். இதற்குள் நாலு கேள்வி ஒளிந்திருக்கிறது.

முதலாவது, நூல் பட்டா? முந்தானை ஓரத்தில் பிரிந்து நிற்கும் ரெண்டு மூன்று இழைகளை மட்டும் எடுத்து, தட்டு ஒன்றின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நசுங்கும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான மணிபோல் உருளும். ரேயான் காகிதம் எரிவதுபோல் எரியும். (புடவையிலேயே தீ வைத்துப் பார்க்காதீர்கள், ப்ளீஸ்!) மத்தியப் பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த ‘சில்க் மார்க்’ சீட்டு சொல்வதும் இதைத்தான்: இது சுத்தமான பட்டு.

ரெண்டாவது, ஜரிகை அசலா? அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிவது நல்ல அறிகுறி. ஆனால், அதை வைத்தே முடிவு கட்டமுடியாது. வேறு நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றலாமே! வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பரிசோதனைக் கருவிதான் சொல்லும்.

மூன்றாவது, கைத்தறியா, விசைத்தறியா? தீயும் சொல்லாது, சில்க் மார்க்கும் சொல்லாது. விசைத்தறியிலும் சுத்தமான பட்டை நெய்யமுடியும். கைத்தறிக்கென்று 2006-ல் வந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’ தனி.

நாலாவது, ஆரணியில் நெய்ததா? ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊர் சார்ந்த அடையாளம். சுத்தமான கைத்தறிப் பட்டாக இருந்தும் வேறு ஊர்ப் புடவையாக இருக்கலாம்.

இவ்வளவையும் குரூப்பின் பழைய பதிவுகளில் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். படித்த பிறகு உங்கள் மெசேஜ் எப்படி மாறும் தெரியுமா?

முன்பு: “இது ஒரிஜினல் ஆரணிப் பட்டா ஃப்ரெண்ட்ஸ்?”

இப்போது: “வணக்கம். பழைய பதிவுகளைப் பார்த்தேன். இந்தப் புடவையில் சில்க் மார்க் சீட்டு இருக்கு. முந்தானை இழையைக் கொளுத்தினப்போ முடி வாசனைதான் வந்தது. ஆனா, கைத்தறியா விசைத்தறியான்னு தெரியலை. கரை ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன ஊசித் துளைகள் இருக்கு. இதை மட்டும் வெச்சு கைத்தறின்னு சொல்லலாமா? முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூணு போட்டோவும் இருக்கு.”

இந்த மெசேஜுக்குப் பதில் வராமல் போக வாய்ப்பு குறைவு. “நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற கட்டையின் ஊசித் தடம் அது. ஆனா, சில விசைத்தறித் துணியிலும் அந்தமாதிரி தடம் விழும். பின்பக்கத்தை இன்னும் கிட்டத்துல எடுத்துப் போடுங்க” என்று தறி தெரிந்தவர் ஒருவர் எழுதுவார். குரூப்புக்கே ஒரு புது விஷயம் கிடைக்கும்.

கேட்கும் முன்... கேட்ட பின்...

* தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். ஒருவர் புடவை என்பார், இன்னொருவர் சேலை என்பார், மூன்றாமவர் ஸாரி என்பார். ஜரிகை, சரிகை, ஜரி மூன்றும் ஒன்றுதான். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை, தங்லிஷில் ஒருமுறை தேடுங்கள்.

* வாட்ஸ்அப் குரூப்பில், நீங்கள் சேருவதற்கு முந்தைய உரையாடல் இயல்பாக உங்களுக்குத் தெரியாது. அங்கே தேடாதது உங்கள் தப்பில்லை. “புதுசா சேர்ந்திருக்கேன், இதுபற்றி முன்னாடி பேசியிருந்தா அந்த மெசேஜை ஃபார்வர்டு பண்ணமுடியுமா?” என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

* பதில் பழசாகியிருந்தால் தாராளமாகத் திரும்பக் கேட்கலாம். விலை, கூரியர், கடை நேரம் எல்லாம் மாறக்கூடியவை. “போன வருஷப் பதிவு பார்த்தேன், இப்பவும் அதேதானா?” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

* குரூப்பில் ஒருவர் பதில் சொன்னார் என்பதற்காக அவருடைய தனி நம்பருக்குப் பாய வேண்டாம். பொதுவில் சொன்ன பதில் நூறு பேருக்குப் பயன்படும். தனியாகச் சொன்னது உங்களோடு முடிந்துவிடும்.

* பதில் கிடைத்ததும் கேள்வியை டெலிட் பண்ணாதீர்கள். “கடையில கேட்டேன், விசைத்தறிதான்னு ஒத்துக்கிட்டாங்க. நன்றிண்ணா” என்று முடிவையும் எழுதுங்கள். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களால்தான் பதில் சொல்பவர்கள் சலித்துப்போகிறார்கள்.

சீனியர்களுக்கும் ரெண்டு வார்த்தை

அதே நன்னூல் எட்டு வகை விடையும் சொல்கிறது. ‘இதைச் செய்வாயா?’ என்றால் ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. “நீங்களே கூகுள் பண்ணுங்க” என்பது சாட்சாத் அதுதான். கேள்விக்குக் கேள்வியையே பதிலாக வீசுவது வினா எதிர் வினாதல்: “இதுகூடத் தெரியாதா?” ஆனால், ‘கடைத்தெரு எங்கே?’ என்றால் ‘இந்தப் பக்கம்’ என்று கைகாட்டுவது சுட்டு விடை. லிங்க்குக்குத் தமிழில் சுட்டி என்றுதானே பெயர்! பழைய பதிவின் சுட்டியைப் போட்டு, “இதைப் பாருங்க, மிச்சம் சந்தேகம் இருந்தா கேளுங்க” என்று சொல்ல அரை நிமிடம் போதும். திட்டுவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும்.

புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-ல் தொடங்கியது. ஒரே கேள்வி திரும்ப வந்தால் ‘டூப்ளிகேட்’ என்று மூடி, பழைய பதிலுக்குக் கைகாட்டிவிடுவது அங்கே வழக்கம். குப்பை சேராமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2018-ல் அந்த நிறுவனமே, தங்கள் தளம் பலருக்கு, முக்கியமாகப் புதியவர்களுக்கு, வரவேற்கும் இடமாக இல்லை என்று வெளிப்படையாக எழுதவேண்டி வந்தது. விதி சரியாக இருந்தாலும், சொல்லும் தொனி ஆளை விரட்டிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவில் புதியவர்கள் உதவி கேட்கும் இடத்துக்கு ‘ஒத்தாசைப் பக்கம்’ என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு தோள்தட்டல் இருக்கிறதல்லவா?

அட்மின்களே, வாட்ஸ்அப்பில் பின் செய்த மெசேஜ் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். டெலிகிராமில் நீங்கள் எடுக்கும்வரை நிற்கும். அடிக்கடி வரும் பத்துக் கேள்விகளை எழுதி, அதன் லிங்க்கைக் குரூப் டிஸ்கிரிப்ஷனில் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இன்னொன்று. ஒருமுறை கேட்டால் போதாது, ரெண்டாம் முறை கேட்டால்தான் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டவர்தான் அடுத்தவருக்குச் சொல்லத் தேறுவார் என்று பாடம் கேட்பது பற்றி நன்னூல் சொல்கிறது. கூடப் படிப்பவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதையும் அது படிக்கும் முறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால், இருபதாவது முறை வரும் கேள்விக்கு நெசவாளர்தான் தறியை நிறுத்திவிட்டு வரவேண்டும் என்பதில்லை. போன மாசம் அதே கேள்வியைக் கேட்டு, பதில் வாங்கி, புடவையை உரசிப் பார்த்த நீங்களே சொல்லலாம்.

மியூட் பண்ணின அந்த குரூப்பைத் திறந்து பாருங்கள். இந்நேரம் யாரோ ஒருவர் போட்டோ போட்டு, “இது ஒரிஜினல் பட்டா?” என்று கேட்டிருப்பார்.