படுக்கையறைக் காற்றும் ஹெப்பா வடிகட்டியும்

காற்று மாசு என்றதும் லாரிப் புகையும் ஆலைப் புகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்கடியில் கொசுவர்த்தியை ஏற்றிவைத்துத் தூங்கும் அறையின் காற்று தெருக்காற்றைவிட மோசமாகிவிடக் கூடும். சீன, மலேசியக் கொசுவர்த்திகளைச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள் வெளிவருகிறது. வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம்!

வீட்டுக்குள் சேர்பவை

தாளிக்கும் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாமே 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள்களைத் தருகின்றன. தலைமுடியின் தடிமனில் இது முப்பதில் ஒரு பங்குகூட வராது. மூக்கில் சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும். ஒரு கனமீட்டர் காற்றில் இவற்றின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். கேஸ் அடுப்பிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடும், புதிய பிளைவுட் அலமாரியிலிருந்து ஃபார்மால்டிஹைடும் வரும். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை.

வடிகட்டி எப்படிப் பிடிக்கிறது?

காற்றுச் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் ஹெப்பா வடிகட்டியைச் சல்லடை என்று நினைத்தால் அதன் வேலை புரியாது. தாறுமாறாகப் பின்னிய மெல்லிய இழைகளுக்கிடையே காற்று வளைந்து நெளிந்து போகும்போது, பெரிய துகள்கள் திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறியவையோ காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தாமாகவே போய் மோதுகின்றன. இரண்டிலும் சேராமல் நழுவப் பார்ப்பது 0.3 மைக்ரான் அளவிலான துகள். அதனால்தான் அதை வைத்தே சோதிக்கிறார்கள். அதில் 99.97 சதவீதத்தைப் பிடித்தால் மற்றவை இன்னும் நன்றாகவே பிடிபடும்.

வாயுக்கள் இதில் சிக்குவதில்லை. நாற்றத்தையும் கரிம வாயுக்களையும் ஈர்க்க, செயலூட்டிய கரி அடுக்கு தனியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடை இந்த இரண்டுமே பிடிக்காது. அதற்கு ஜன்னலைத் திறப்பதுதான் வழி.

வாங்குமுன்

விளம்பரத்தை விட்டுவிட்டு, பெட்டியில் ‘சிஏடிஆர்’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கருவி எவ்வளவு சுத்தமான காற்றைத் தருகிறது என்பதை அது சொல்லும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 136 கனமீட்டராவது இருக்க வேண்டும். ஓசோனை உண்டாக்கும் கருவிகள் வேண்டாம். ஓசோன் நுரையீரலை அரிக்கும். சாதாரண ஸ்பிலிட் ஏசியிலுள்ள வலை பெருந்தூசியை மட்டுமே தடுக்கும். அறைக்காற்றையே சுற்றிவிடுவதால் புகை வெளியேறாது.

கருவி ஓடுகிறதே என்று கொசுவர்த்தியையும் கூடவே கொளுத்துவது வீண் செலவு. கொசுவலை மலிவு. கருவியில் கழுவக்கூடியது பெரும்பாலும் முன்வலை மட்டும்தான். சாதாரண ஹெப்பாவில் தண்ணீர் பட்டால் இழைகள் கெட்டுவிடும். அழுக்கேறினால் புதிதாக மாற்றத்தான் வேண்டும். ஆகவே, கருவியின் விலையோடு மாற்று வடிகட்டியின் விலையையும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.