பாஸ்போர்ட் வாங்கிக் கப்பலேறிய 12,739 பொம்மைகள் – தெரியுமா?

பொம்மைக்கு யாராவது பாஸ்போர்ட் எடுப்பார்களா? 1926-ல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எடுத்தார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் அல்ல, 12,739 பொம்மைகளுக்கு! பாஸ்போர்ட் ஒரு சென்ட், பயணச்சீட்டு 99 சென்ட். போகும் ஊர் ஜப்பான்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு சட்டம். 1924-ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ஜப்பானியர்களுக்குக் கதவைச் சாத்தியது. ஜப்பானில் பல வருஷம் பாதிரியாராக இருந்த சிட்னி குலிக் இதை எதிர்த்துப் பேசிப் பார்த்தார், எழுதிப் பார்த்தார். பெரியவர்கள் காதில் ஏறவில்லை. சரி, சின்னவர்களைப் பிடிப்போம் என்று இறங்கிவிட்டார்!

ஜப்பான் பிள்ளைகளுக்கு நட்பாகப் பொம்மைகள் அனுப்ப, பள்ளிகளிலும் தேவாலய ஞாயிறு வகுப்புகளிலும் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். பெண் குழந்தைகள் அம்மாக்களை உட்கார வைத்துக்கொண்டு கவுனும் தொப்பியும் தைத்தார்கள். பொம்மைக்குத் தகுதி விதிகள்கூட இருந்தன: படுக்க வைத்தால் கண்ணை மூட வேண்டும், சாய்த்தால் ‘மாமா’ என்று அம்மாவைக் கூப்பிட வேண்டும்! கையில் ஒரு கடிதம் வேறு.

ஜப்பானில் இந்த விருந்தாளிகளை வரவேற்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? நாட்டின் முதல் நவீன வங்கியைத் தொடங்கிய தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி! அப்போது வயது 86. இன்றைய 10,000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான். நாளும் சாதாரண நாளில்லை. மார்ச் 3, சிறுமிகள் வீட்டில் பொம்மைக் கொலு வைத்துக் கொண்டாடும் ஹினாமட்சுரி. 1927-ல் அன்றைக்கு டோக்கியோவில் தடபுடலான வரவேற்பு. அப்புறம் நாடு முழுக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் பொம்மைகள் பிரிந்து போயின.

வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்களா? சுமார் 26 லட்சம் ஜப்பானியச் சிறுமிகள் ஆளுக்கு ஒரு சென் போட்டார்கள். ஒரு யென்னில் நூறில் ஒரு பங்கு அது! அந்தச் சில்லறையில் உருவானவை 58 பொம்மைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 செ.மீ. உயரம், விலை 350 யென். கணக்குப் போட்டால் ஒரு பொம்மைக்குள் 35,000 சிறுமிகளின் காசு! முகத்துக்குச் சிப்பிப் பொடிப் பூச்சு, தலைக்கு நிஜ மனித முடி, பட்டுக் கிமோனோ, கூடவே குட்டிப் பெட்டி, தேநீர்ச் செட்டு, விளக்கு. அந்த வருஷ நவம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் போய் இறங்கிவிட்டார்கள் இந்த ‘மிஸ்’கள். ஆமாம், ஒவ்வொருத்திக்கும் மாகாணமோ நகரமோ ஒன்றின் பெயர். நாட்டுக்கே பிரதிநிதியாக வந்தவள் மிஸ் டாய் நிப்பான்.

குலிக்கும் அவருடைய குழுவினரும் அதோடு விடவில்லை. 1928-ல் மெக்சிகோப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பைகள் போயின.

பிறகு ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போர் வந்தது. 1943-ல் ஜப்பானில் அந்த அமெரிக்க நீலக்கண் பொம்மைகள் ‘எதிரி’கள் ஆகிவிட்டன. எரித்தார்கள். மூங்கில் ஈட்டியால் குத்தவும் செய்தார்கள். பொம்மையைக் குத்தி எந்தப் போரை ஜெயிக்கப் போகிறார்களோ! ஆனால் சில ஆசிரியர்களுக்கு மனசு வரவில்லை. பரணிலும் சாமான் அறையிலும் ஒளித்து வைத்தார்கள். பிடிபட்டால் தேசத்துரோகி என்ற பேர்தான் மிஞ்சும், தெரிந்தே செய்தார்கள். அப்படித் தப்பிப் பிழைத்தவை 300-க்கும் மேல்!

போர் முடிந்ததும் பிள்ளைகள் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள் என்பது இன்னும் ஆச்சரியம். ஹிரோஷிமாவின் ஹொங்காவா பள்ளி, அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அந்தப் பள்ளி உட்பட அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாஷிங்டனின் ஒரு தேவாலயத்துப் பிள்ளைகள் பென்சில், கிரேயான், காகிதம் என்று அரை டன் சேர்த்து அனுப்பினார்கள். பதிலுக்கு அதே கிரேயானில் வரைந்த படங்கள் வந்தன. இடிபாட்டை எதிர்பார்த்துப் பிரித்தால் பூ, மரம், விளையாட்டு என்று ஒரே வண்ணம்!

அமெரிக்காவுக்குப் போன 58 பேர் என்ன ஆனார்கள்? அருங்காட்சியகங்களில் இருந்ததால் நாற்பதுக்கும் மேல் பிழைத்துவிட்டார்கள். ஆனால் ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோன அவசரத்தில் யார் எந்தப் பீடத்தில் நின்றாள் என்பது குழம்பிப் போய்விட்டது. இவளுடைய பெட்டி அவளிடம், அவளுடைய பெயர் இவளிடம்! கிமோனோவையும் கூட வந்த சாமான்களையும் பார்த்து, உண்மையில் யார் எந்த ஊர்க்காரி என்று நிபுணர்கள் இப்போதும் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார்கள்.