உடுத்தியவரும் உடுத்துவித்தவரும்

சஞ்சிகையொன்றில் அழகிய உடை தரித்த பெண்ணொருத்தியின் படத்தைக் காண்கிறோம். உடையை அமைத்தவர் பெயரைப் பார்க்கிறோம். படம் பிடித்தவர் பெயரையும் பார்க்கிறோம். இந்த உடைக்கு இந்தப் பாதரட்சை, இந்த முகத்துக்கு இந்தத் தோட்டம் என்று மனக்கண்ணால் முதலிற் கண்டவர் யார்? அவர் பெயரும் ஒரு மூலையிற் சிற்றெழுத்தில் இருக்கும். வாசகர் கண் அங்கு தங்குவதில்லை. 'ஸ்டைலிஸ்ட்' என்று மேனாட்டார் அழைக்கும் இவரை 'ஒப்பனையாளர்' என்றால் முகப்பூச்சே நினைவுக்கு வருகிறது. 'உடுத்துவிப்பவர்' என்றே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

பாடசாலை நாடகங்களுக்குப் பிள்ளைகளை உடுத்திவிட்ட சிறு அனுபவம் எனக்குமுண்டு. இந்த அரசனுக்குக் கிரீடம் வேண்டாம் என்று மனம் சொல்லும். ஏன் என்று கேட்டால் விடை வராது. அந்த விடையைத் தேடியபோதே கிறேஸ் கொடிங்டனைப் பற்றி அறிந்தேன்.

1941இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிற் பிறந்தவர் அவர். 'வோக்' சஞ்சிகை நடத்திய போட்டியொன்றின் வழியாக 1959இல் மாடலானார். சில ஆண்டுகளுள் கார் விபத்தொன்று அவரது இடக்கண்ணின் இமையைச் சிதைத்துவிட்டது. பல சத்திரசிகிச்சைகளின் பின், வடுவை மறைக்கக் கண்ணைச் சுற்றிக் கருமை தீட்டிக்கொண்டு மீண்டும் தொழிலுக்கு வந்தார். 1968இல் பிரித்தானிய 'வோக்'கின் ஆசிரியர் குழுவிற் சேர்ந்தார். 1988இல் அமெரிக்க 'வோக்'கிற் சேர்ந்தார்.

காரிற் செல்லும்போது உறங்காதே, வெளியே காண்பது எதுவும் ஒருநாள் உதவும் என்று படப்பிடிப்பாளர் நோர்மன் பார்க்கின்சன் இளமையில் அவருக்குச் சொன்னாராம். உடைக் காட்சிகளில் அவர் பென்சிலால் உடைகளை வரைந்துகொண்டிருப்பார். உள்ளுணர்வு வானத்திலிருந்து விழும் மின்னல் என்று நம் இலக்கியக் கூட்டங்களிற் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்லாண்டுகள் கண்டு சேர்த்த பொருள், காரணம் தோன்றுமுன் கைக்கு வந்துவிடுகிறது; அவ்வளவே.

தம் கலையை அவரே அறிந்துகொண்டது எப்போது? 2003 டிசெம்பரில் வெளிவந்த 'அலிஸ்' படத்தொடரில் மார்க் ஜேக்கப்ஸ் கம்பளிப்புழுவாகவும் ஜோன் கலியானோ இராணியாகவும் தோன்றினர். அதைப் படம்பிடித்த ஆனி லீபொவிட்ஸின் படைப்பென்றே பலர் நினைவுகூர்வர், உடுத்துவித்தவர் கொடிங்டன். 2007இல் 'வோக்' அலுவலகத்தைப் படமாக்க வந்த ஆர். ஜே. கட்லர் குழுவினரை அவர் முதலில் விரும்பவில்லை. ஆனால் 2009இல் வெளிவந்த அந்த ஆவணப்படத்தின் நாயகியாக உலகம் கண்டது அவரையே.

அதில் ஒரு காட்சி என்னை விட்டகலவில்லை. அவசரமாக எடுத்த படமொன்றில், மாடலுடன் சேர்ந்து துள்ளும்படி ஆவணப்படக் குழுவின் ஒளிப்பதிவாளரையே அவர் நிறுத்துகிறார். அம்மனிதருக்குச் சற்றுத் தொந்தி. அதைத் திருத்திவிடலாம் என்கிறார் அப்போதைய தலைமை ஆசிரியர் அனா வின்டூர். கொடிங்டன் உடனே தொலைபேசியை எடுக்கிறார்: அதில் கைவைக்க வேண்டாம், எல்லாரும் குறையற்றவராய் இருக்கவேண்டியதில்லை என்கிறார். பிறர் உடுத்திவிட நின்ற பெண், வடுவைக் கருமையால் மறைத்த பெண், அவ்வேளை பேசினாள் என்றே நான் எண்ணுகிறேன். தொந்தி அப்படியே அச்சாயிற்று.