எம் சாண்ட் கழுவ இவ்வளவு தண்ணீரா? கிரஷருக்குள் நடப்பது என்ன?

வீடு கட்ட மணல் வாங்கப் போனால், "வாஷ் பண்ணினதா, பண்ணாததா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் தண்ணீர்.

2017 நவம்பரில், தமிழகத்தின் மணல் குவாரிகளை 6 மாதத்துக்குள் மூட வேண்டும் என உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆற்று மணலுக்கு மாற்று என்ற பேச்சு அதன்பிறகு சூடுபிடித்தது. ஆற்றைக் காப்பாற்ற வந்த எம் சாண்ட், ஊர்க் கிணற்றைக் காலி பண்ணிவிடக் கூடாதே என்பதுதான் இப்போதைய கவலை.

கல் எப்படி மணலாகிறது?

குவாரியில் வெடிவைத்து எடுக்கும் கருங்கல் முதலில் ஜா கிரஷருக்குள் போகும். தாடை மாதிரி மென்று உடைக்கும் இயந்திரம் இது. அடுத்து கோன் கிரஷர், ஜல்லி அளவுக்குச் சிறிதாக்கும். மூன்றாவதாக வி.எஸ்.ஐ. இதில் வேகமாகச் சுழலும் ரோட்டர் கல்லை வீசியடிக்கும். கல்லோடு கல் மோதி, கூர்முனைகள் உடைந்து, மணல் ஓரளவு உருண்டை வடிவத்துக்கு வரும். கடைசியில் அதிரும் சல்லடையில் சலித்தால் 4.75 மி.மீ.க்குக் கீழே விழுவது மணல்.

கூடவே மாவு போன்ற தூசும் விழும். 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூசு, உடைத்த கல் மணலில் எடைக்கு 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 383 தரநிலை. அளவு மீறினால் கலவை தண்ணீரை அதிகம் கேட்கும். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலு குறையும். அதனால்தான் கழுவுகிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் செலவாகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 டன் மணல், டன்னுக்கு 1,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1 லட்சம் லிட்டர். கழுவிய தண்ணியை அப்படியே வெளியே விட்டால், 8 மணி நேர வேலைக்கு 8 லட்சம் லிட்டர் போய்விடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் 67 லோடு!

அதே தண்ணீரைச் சுற்றவிட்டால்? மணலோடு 12 சதவீத ஈரம் போனால் மணிக்கு 12,000 லிட்டர் இழப்பு. பிரிந்த 15 டன் தூசைப் பிழிந்து எடுத்த பிறகும், அதில் சுமார் 4,000 லிட்டர் தங்கும். மொத்தம் 16,000 லிட்டர். 8 மணி நேரத்துக்கு 1.28 லட்சம், அதாவது சுமார் 11 லோடு. புழுதி அடங்கத் தெளிக்கும் தண்ணீர் தனி.

குட்டையில் விட்டால் தெளியாதா?

தெளியும், ஆனால் நாளாகும். 75 மைக்ரான் துகள், அசையாத தண்ணீரில் 1 மீட்டர் இறங்க மூன்றரை நிமிடம் போதும். 2 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் 3 நாளுக்கு மேல்! அதற்குத்தான் திக்கனர் தொட்டி. இதில் ஒரு மருந்தைக் கலப்பார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி, சட்டென்று அடியில் தங்கும். அந்தச் சேற்றை ஃபில்டர் பிரஸ் பிழிந்து கட்டியாக்கும். தெளிந்த தண்ணீர் திரும்ப மணல் கழுவப் போகும்.

இந்த இயந்திரங்களுக்குச் செலவு அதிகம். அதை மிச்சம் பிடிக்க நினைத்தால் சுமை போர்வெல் மேல் விழும். சேற்றுத் தண்ணீர் ஓடையில் இறங்கினால் வயலில் மாவு படியும். காய்ந்ததும் மண் இறுகிவிடும். பழைய குவாரிக் குழியில் தேங்கும் மழைநீரைப் பயன்படுத்தினால் நிலத்தடி நீருக்குச் சுமை குறையும்.

வாங்குறவங்க எதைப் பார்க்கணும்?

கண்ணாடி பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். சில மணி நேரம் கழித்து மேலே கனமான மாவுப் படலம் தெரிந்தால், ஆய்வகத்தில் சோதிக்காமல் இறக்க வேண்டாம்.

மணல் கழுவிய தண்ணீர் உப்பா என்றும் கேளுங்கள். கம்பி வைக்கும் கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. உப்புத் தண்ணியில் கழுவிய மணலும் அந்த உப்பைக் கலவைக்குள் கொண்டுவரும், கம்பி துருப்பிடிக்கும்.

இன்னொன்று, ஈர மணல் உப்பலாகி அதிக இடம் பிடிக்கும். யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடிக்கு இவ்வளவு என்று வாங்கினால், லாரி நிறைந்திருந்தாலும் மணல் குறைவாகத்தான் இருக்கும். எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம். எப்படி வாங்கினாலும், நீர் வடிந்த மணலாகப் பார்த்து வாங்குவதே லாபம்.